துலாபாரத்தில் ஒரு லத்தீன் வினைச்சொல்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரே சொல்தான்: 'டிரான்ஸ்ஃபர்'. அடியேனும் அப்படி வந்தவனே. போன கோடை விடுமுறையில் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, டிரான்ஸ்ஃபர்னாலும் மாத்தறதுதான், டிரான்ஸ்லேட்னாலும் மாத்தறதுதான். அப்புறம் எதுக்கு ரெண்டு வார்த்தை?"

இரண்டும் ஒரே வார்த்தைதான் என்று சொன்னேன். நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

லத்தீனில் 'ஃபெரோ' என்றால் சுமக்கிறேன், கொண்டுவருகிறேன், பொறுக்கிறேன் என்று பொருள். லத்தீன் அகராதிகள் ஒரு வினைக்கு நான்கு வடிவங்களைத் தரும். இந்த வினைக்கு அவை ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாத்தும். 'துலி' என்றால் சுமந்தேன். 'லாத்' என்ற அடி 'சுமக்கப்பட்ட' என்ற எச்சத்தைத் தருவது. 'டிரான்ஸ்' என்றால் அப்பால். அதை முதல் வடிவத்தோடு சேர்த்தால் டிரான்ஸ்ஃபர், கடைசி வடிவத்தோடு சேர்த்தால் டிரான்ஸ்லேட். ஆளைச் சுமந்துபோனால் இடமாற்றம், பொருளைச் சுமந்துபோனால் மொழிபெயர்ப்பு! ரெஃபர், ரிலேட் என்பவையும் இப்படிப் பிறந்த இரட்டைகளே.

ஒரே வினைக்கு இப்படி ஒட்டாத வடிவங்கள் ஏன்? இரண்டு வேர்கள் ஒரு வினையாகக் கூடிவிட்டன, அவ்வளவுதான். வங்காளத்தில் வாழும் நமக்கு இது புதிதா என்ன? 'ஜாய்' என்றால் போகிறான், 'கேலோ' என்றால் போனான். ஹிந்தியில் 'ஜானா', 'கயா'. ஒன்று வடமொழியின் 'யா' வேர், மற்றது 'கம்' வேர். அதுபோல 'ஃபெரோ' ஒரு வேர். 'துலி', 'லாத்தும்' இரண்டும் 'தூக்கு' என்னும் பொருளுடைய வேறொரு வேர். 'லாத்' என்பது முன்பு 'த்லாத்' என்றிருந்து, முதலெழுத்தை இழந்தது.

இனி வடமொழியைப் பாருங்கள். சுமக்கிறான் என்பதற்கு லத்தீனில் 'ஃபெர்த்', வடமொழியில் 'பரதி'. சுமக்கிறார்கள் என்பதற்கு 'ஃபெருந்த்', 'பரந்தி'. லத்தீன் சொல்லின் முதலில் 'ஃப' வருமிடத்தில் வடமொழியில் நான்காம் 'ப', ஆங்கிலத்தில் 'ப்'. சகோதரன் என்ற சொல்லும் அப்படியே: ஃப்ராத்தெர், ப்ராதா, பிரதர். ஒரு சொல் ஒத்திருந்தால் தற்செயல் எனலாம். விகுதியும் ஒலிமாற்றமும் வரிசையாக ஒத்துவந்தால் அது உறவு.

இந்த உறவை உலகறியச் சொன்ன இடம் நம் கொல்கத்தாதான். ஆசியக் கழகத்தில் 1786 பிப்ரவரி 2 அன்று சர் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையில், வினை வேர்களையும் இலக்கண வடிவங்களையும் காட்டி, வடமொழி, கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். 1816இல் ஜெர்மானியர் ஃபிரான்ஸ் பாப் இம்மொழிகளின் வினைகளை ஒப்பிட்டு நூலே எழுதினார். அதே 1816இல் சென்னையில் எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று காட்டினார். 1856இல் கால்டுவெல் அதை விரிவாக நிறுவினார்.

இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழா மேடையில், "லத்தீன் துலியில் நம் துலாம் இருக்கிறது, ஃபெரோவில் நம் பாரம் இருக்கிறது, லத்தீனுக்கே தாய் தமிழ்!" என்று முழங்கினேன். பலத்த கைதட்டல். விழா முடிந்ததும் ஒரு பெரியவர் அருகில் வந்து, "தம்பி, துலாமும் பாரமும் நாம கடன் வாங்கின சொல்லுங்க. கடன் வாங்கின நகையைக் காட்டி சொந்தம் கொண்டாடலாமா?" என்றார். முகம் சிவந்துவிட்டது.

அவர் சொன்னதே சரி. 'துலா', 'பார' இரண்டும் வடமொழிச் சொற்கள். குருவாயூரில் பக்தரைத் தராசில் அமர்த்தி வாழைப்பழமோ சர்க்கரையோ எடைக்கு எடை கொடுக்கிறோமே, அந்தத் 'துலாபாரம்' என்ற சொல்லில் 'துலி', 'ஃபெரோ' இரண்டின் உடன்பிறப்புகளும் சேர்ந்தே இருக்கின்றன. நமக்கு அவை விருந்தாளிகள்.

இதில் நமக்குக் குறைவு ஏதுமில்லை. சுமப்பதற்கும் சகிப்பதற்கும் ஒரே வேர் லத்தீனில். 'சஃபர்' என்றால் அடியில் நின்று தாங்குவது. 'டாலரன்ஸ்' அந்தத் 'துலி'யின் வேரிலிருந்து வந்தது. நம்மிடமோ சொந்தச் சொல்லாகவே 'பொறை' இருக்கிறது. சுமையும் அதுதான், பொறுமையும் அதுதான். பொறுப்பு என்பதும் அதன் பிள்ளை. வள்ளுவர் 16ஆம் அதிகாரத்துக்கு வைத்த பெயர் பொறையுடைமை. ரத்த உறவில்லாத இரு மொழிகள் ஒரே எண்ணத்துக்குத் தனித்தனியே வந்து சேர்ந்திருக்கின்றன. பொய்யான தாய்மையைவிட இந்த உண்மை எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளிடம் தமிழின் பெருமையைச் சொல்லும்போது, எது சொந்தம், எது வரவு என்று பிரித்துச் சொல்வோம். நாளை யாராவது கேட்டால் அவர்கள் தலைகுனிய வேண்டாம். அந்தப் பொறுப்பு நம்முடையது.