ஒளி காட்டும் திசை

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் பட்டறைகளில் பிசையும் வெண்களிமண்ணை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் துகள்கள் நுண்ணிய தட்டுகள். அழுத்தும்போது அவை ஒரே தளத்தில் படிகின்றன. அத்தளத்திற்குக் குறுக்கே சுருக்கம் அதிகம். அழுத்தம் சீராக இல்லாவிடில், பாண்டம் உலரும்போது கோணிவிடும். துகள்களின் திசை பொருளின் பண்பையே மாற்றுகிறது அல்லவா?

மூலக்கூறுகளிலும் இவ்வாறே. நீரைப்போல் ஓடினாலும் படிகத்தைப்போல் ஒழுங்குடையது திரவப் படிகம். இதை 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலார் ரைனிட்சர் கண்டார். கோல் வடிவ மூலக்கூறுகளே இவ்வாறு அமையும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1977-இல் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகிய மூவரும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று நிறுவினர். பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு நீண்ட சங்கிலிகள் கொண்ட அம்மூலக்கூறுகள், காசுகளை அடுக்கினாற்போல் தூண்களாக அமைந்தன. சந்திரசேகர், சர் சி. வி. இராமனின் சகோதரி மகன்.

தொலைக்காட்சித் திரையில் பயன்பட வேண்டுமானால், திரவப் படிக மூலக்கூறுகள் குறித்த திசையில் நிற்கவேண்டும். கண்ணாடியைத் தேய்த்தால் அவை தேய்த்த திசையில் வரிசைகொள்ளும் என்பதை 1911-இல் பிரான்சின் மொகேன் கண்டார். பிற்காலத்தில் கண்ணாடிமேல் பாலிமர் பூசி, அதை வெல்வெட் துணியால் தேய்த்தனர். ஆனால் தேய்த்தால் தூசி எழும், நிலைமின்சாரமும் தோன்றும். திரையிலுள்ள நுண்ணிய டிரான்சிஸ்டர்களுக்கு இவ்விரண்டும் பகை.

தொடாமலே திசை காட்ட முடியுமா? முடியும் என்று 1988-இல் ஜப்பானின் இச்சிமுரா குழுவினர் காட்டினர். அசோபென்சீன் என்ற மூலக்கூறு புறஊதாக் கதிரில் வளையும். கண்ணுறு ஒளியில் மீண்டும் நிமிரும். இதை ஒரே அடுக்காகக் கண்ணாடியில் பிணைத்தபோது, அது நிமிர்ந்தால் மேலிருந்த திரவப் படிகமும் நின்றது, வளைந்தால் படுத்தது!

1992-இல் சுவிட்சர்லாந்தில் ஷாட் குழுவினர் சின்னமேட் பாலிமரைப் பயன்படுத்தினர். ஒரே தளத்தில் அதிரும் புறஊதா ஒளி பட்டதும், அத்திசையில் அமைந்த பக்கக்கிளைகள் மிகுதியாக ஒன்றோடொன்று பிணைந்தன. இவ்வாறு பாலிமரில் பதிந்த திசை நிலைத்தது. திரவப் படிகம் அதற்கேற்ப வரிசைகொண்டது. 2009-இல் ஷார்ப் நிறுவனம் ஒளியால் திசைப்படுத்தும் முறையைத் தொலைக்காட்சித் தயாரிப்பிற்குக் கொண்டுவந்தது.

பெங்களூரின் தட்டுகள் என்னவாயின? திரையைப் பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகக் காண உதவும் படலங்களில் அத்தகைய மூலக்கூறுகள் இடம்பெற்றன. 2000-இல் இச்சிமுரா குழுவினர் அசோபென்சீன் பாலிமர்மேல் ஒளியைச் சாய்வாகச் செலுத்தினர்; மேலிருந்த தட்டு மூலக்கூறுகளும் சாய்ந்து வரிசைகொண்டன.

மாணவர்களே, களிமண்ணில் கைகளின் அழுத்தம் செய்யும் வேலையை இங்கே ஒளி செய்கிறது. தட்டுகளை வரிசைப்படுத்தும் கலை பட்டறைக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் பொதுவானதே.