'பிபிஏ ஃப்ரீ' டப்பா வாங்கிட்டீங்க, சரி... ஹார்மோன் தப்பிச்சுதா?

லஞ்ச் பாக்ஸ் வாங்கும்போது 'பிபிஏ ஃப்ரீ' என்று போட்டிருக்கிறதா எனத் திருப்பிப் பார்ப்பவரா நீங்கள்? நல்ல பழக்கம்தான். ஆனால், அந்த ஸ்டிக்கர் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

பிபிஏ எனும் பிஸ்ஃபீனால் ஏ, பிளாஸ்டிக்குக்கு வரும் முன்பே ஹார்மோன் ஆய்வகத்துக்குப் போய் வந்தது. 1930-களில் செயற்கை ஈஸ்ட்ரோஜனைத் தேடிய பிரிட்டன் விஞ்ஞானி சார்லஸ் டாட்ஸ் இதையும் சோதித்தார். பெண் ஹார்மோன் போலவே வேலை செய்தது. அதைவிட வீரியமான வேறொன்று கிடைத்ததால் இது மருந்தாகவில்லை. 1950-களில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளாகிவிட்டது. நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பல இந்த ரகம்தான்.

உடம்புக்குள் என்ன நடக்குது? ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய ஏற்பியில் பிபிஏ போய் உட்கார்ந்துகொள்கிறது. பிவிசியை வளையச் செய்யச் சேர்க்கும் தாலேட்டுகளின் ரூட் வேறு. அவற்றில் சில, கருவிலிருக்கும் ஆண் எலியின் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியையே குறைக்கின்றன. மனிதர்களிடமும் இதுபோன்ற தொடர்புகளை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், தொடர்பு வேறு, காரணம் வேறு.

இங்கேதான் வாட்ஸ்அப் சொதப்புகிறது. மேற்கத்திய நாடுகளின் ஆண்களிடம் 1973 முதல் 2011 வரை விந்தணுச் செறிவு சுமார் 52% குறைந்ததாக 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. அது பிளாஸ்டிக்கை அளக்கவே இல்லை. இரண்டையும் ஒட்டியது ஃபார்வர்டு செய்தவர்கள்.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். தினமும் உடலுக்குள் போகலாம் என்று வைத்திருந்த பிபிஏ அளவை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் 20,000 மடங்கு குறைத்தது. இந்தியாவில் 2015-ம் ஆண்டின் பிஐஎஸ் தர விதி, குழந்தைகளுக்கான பால் பாட்டிலில் பிபிஏ கூடாது என்கிறது. பெரியவர்களின் டப்பா அந்த விதிக்குள் வராது. 'ஃப்ரீ' பொருட்கள் சிலவற்றில் பிபிஏ-வுக்குப் பதில் வருவது அதன் பங்காளியான பிபிஎஸ். அதுவும் அதே ஏற்பியில் உட்காரும்.

ஆறுதலான விஷயம், பிபிஏ சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறத் தொடங்கிவிடும். நாம் விடாமல் நிரப்புவதுதான் பிரச்னை. சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து ரசாயனம் வேகமாக இறங்கும். அதனால் சூடான குழம்பை எவர்சில்வருக்கு மாத்துங்க. மைக்ரோவேவில் கண்ணாடிப் பாத்திரத்தை வைங்க. கீறல் விழுந்த பழைய கேனைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

2011-ல் அமெரிக்காவில் 5 குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு, டின்னிலும் பிளாஸ்டிக்கிலும் அடைக்காத புதிய உணவை மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66% இறங்கியது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறிவிட்டது.