வெடித்த ரிவால்வர்

1925ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கால்நடை மேய்த்து வாழ்ந்த எல்மர் கீத் என்பார், தாமே மருந்திட்டுக் கனத்த குண்டு செருகிய தோட்டாவைச் சுட்டார். ரிவால்வரின் உருளை மேற்புறம் பிளந்து பறந்தது, கை தப்பியது.

தோட்டாவைத் தாமே ஆக்கிக்கொள்வது அந்நாட்டில் பழைய வழக்கம். தனி ஈயம் மெத்தென்றது. விரைந்து செலுத்தினால் குழலின் உட்புறத்தில் ஒட்டிக் குறியைக் கெடுக்கும். ஆதலின் வெள்ளீயம் முதலியன கலந்து, உருக்கி, கடினமாக வார்ப்பர். (அந்நாளில் உலகில் மிகுதியாக வெள்ளீயம் தோண்டியது நம் மலாயாவே.)

மற்றொருவராயின் ரிவால்வர் செய்தவனை வைது ஓய்ந்திருப்பார். கீத் அவ்வாறு செய்தாரில்லை. கணக்கேட்டில் பிழை கண்ட எழுத்தர் வரிவரியாகத் திரும்பிப் பார்ப்பதுபோல், உடைந்த இரும்பை ஆராய்ந்தார். 45 என வழங்கும் அளவுக்குக் குடைந்தால் அறைச்சுவர் மெலிகிறது. 44 ஆயின் தடிக்கிறது! எனவே 1907இல் தோன்றிய 44 ஸ்பெஷல் தோட்டாவை மேற்கொண்டு, அதற்கு 250 கிரேன், அதாவது ஏறத்தாழ 16 கிராம், எடையுள்ள தட்டைமூக்குக் குண்டொன்றை வகுத்தார்.

இத்தகைய வலிய தோட்டாவைத் தொழிற்சாலைகளே செய்ய வேண்டுமென்று பல்லாண்டு எழுதினார். பழைய ரிவால்வர்கள் வெடிக்குமே என்று உற்பத்தியாளர் அஞ்சினர், அவ்வச்சத்தைப் பழிப்பதற்கில்லை. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வரையும் ரெமிங்டன் தோட்டாவையும் செய்ய, 44 மேக்னம் 1956இல் வெளிவந்தது. தோட்டாவின் கூடு முன்னையதைவிட அங்குலத்தில் எட்டிலொரு பங்கு நீளம். பழைய உருளையில் அது அடங்காது.