தலகாணி உறையும் துடைப்பக் கட்டையும்

போன குளிர்காலம் முழுக்க எங்க வீட்ல ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வைக்காமலே எல்லாரும் எழுந்துக்குவோம். பொண்ணுக்கு இருமல். முதல்ல தொண்டையில ஆரம்பிக்கும், அப்புறம் நெஞ்சுக்குள்ள யாரோ விசில் ஊதுற மாதிரி ஒரு சத்தம். சளின்னு நினைச்சு ரெண்டு மாசம் ஓட்டினோம். மிளகு ரசம், கஷாயம், நெஞ்சுல தைலம், எல்லாம் ஆச்சு. குளிர்காலத்துல ஹீட்டர் போட்டு வீடு வறண்டு போகுது, அதனாலதான் இருமல்னு யாரோ சொல்ல, ஒரு ஹியூமிடிஃபையர் வாங்கி அவ கட்டில் பக்கத்துலயே வெச்சேன். ராத்திரி முழுக்க புகை மாதிரி ஈரத்தைக் கக்கிட்டே இருக்கும். (இதை ஞாபகம் வெச்சுக்குங்க. அப்புறம் வரும்.)

கடைசியில அலர்ஜி டாக்டர். முதுகுல வரிசையா மருந்துச் சொட்டு வெச்சுக் கீறினாங்க. பூனை இல்லை, நாய் இல்லை, வேர்க்கடலை இல்லை. ஒண்ணே ஒண்ணு மட்டும் எட்டணா காசு அளவுக்கு வீங்கி நின்னுச்சு. டஸ்ட் மைட். தமிழ்ல தூசு உண்ணின்னு வெச்சுக்கலாம். டாக்டர் மருந்தெல்லாம் எழுதிக் கொடுத்துட்டு, "நல்ல வாக்குவம் கிளீனரா ஒண்ணு வாங்கிடுங்க"ன்னு சொன்னார். நல்லதுன்னா எதுன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த பேஷண்ட்டைக் கூப்பிட்டுட்டாங்க.

நாங்க இருக்கிறது ஒஹையோ மாநிலம், கொலம்பஸ். அபார்ட்மெண்ட்ல சமையலறை, பாத்ரூம் தவிர எல்லா இடத்திலும் சுவருக்குச் சுவர் கார்ப்பெட். கடைக்குப் போனா ஒரு சுவர் முழுக்க மெஷின். ஒண்ணு பன்னிரண்டு ஆம்ப்ஸ்னு கத்துது, இன்னொண்ணு சைக்ளோன்னு கத்துது, மூணாவது 'ஹெபா மாதிரி'ன்னு மெதுவா முணுமுணுக்குது. தங்கமணி என்னைப் பார்க்க, நான் பெட்டியைப் பார்க்க, ஒண்ணும் வாங்காம திரும்பி வந்தோம். ஆபீஸ்ல அந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. சரி, இந்த மெஷினோட ஜாதகத்தையே பார்த்துடுவோம்னு படிக்க ஆரம்பிச்சேன். பார்த்தா, கதை எங்க வீட்லேர்ந்து ரெண்டு மணி நேர டிரைவ்ல இருக்கிற ஊர்ல வந்து நிக்குது. அதுவும் மூச்சு இழுக்கிற ஒரு மனுஷர்கிட்ட.

அவருக்கு முன்னாடி லண்டன்ல ஒருத்தரைப் பார்த்துட்டு வந்துடலாம். ஹூபர்ட் செசில் பூத், பாலமெல்லாம் கட்டின இன்ஜினியர். 1901-ல ஒரு அரங்கத்துல தூசி தட்டுற மெஷினைக் காட்டுறாங்க. அது காத்தை ஊதுது. தூசி ஒரு இடத்துலேர்ந்து கிளம்பி இன்னொரு இடத்துல உக்காருது. ஊதுறதுக்குப் பதிலா உறிஞ்சினா என்னன்னு பூத் கேட்டார், நடக்காதுன்னுட்டாங்க. மனுஷன் ஒரு ஓட்டல் நாற்காலி மேல கைக்குட்டையை விரிச்சு, வாயை வெச்சு ஒரே இழுப்பு. இருமித் தள்ளிட்டார். ஆனா கைக்குட்டையோட அடிப்பக்கம் கறுப்பா தூசி ஒட்டிக்கிட்டு இருந்தது. அதாவது உறிஞ்சணும், நடுவுல ஒரு துணி வடிகட்டணும். அவ்வளவுதான் விஷயம். இன்னிக்கும் எல்லா மெஷினும் இதுதான்.

அந்த வருஷமே காப்புரிமை வாங்கிட்டார். ஆனா அவர் செஞ்ச மெஷின் குதிரை வண்டியில வரும், பெட்ரோல் இன்ஜின்ல ஓடும். வண்டி தெருவுல நிக்கும், நீளமான குழாயை ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள விடுவாங்க. நம்ம ஊர்ல செப்டிக் டேங்க் லாரி வருமே, அந்த மாதிரி. 1902-ல ஏழாம் எட்வர்ட் முடிசூட்டுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில கம்பளம் சுத்தம் பண்ணது இதுதான். பணக்கார வீடுகள்ல வண்டி வர்ற அன்னிக்கு நண்பர்களைக் கூப்பிட்டு டீ கொடுத்து வேடிக்கை காட்டினாங்களாம்.

இப்ப ஒஹையோ. ஊர் பேர் கேண்டன். ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர், அறுபதை நெருங்குற வயசு. விவசாயக் கருவிகளுக்கு ரெண்டு மூணு காப்புரிமை வாங்கியும் காசு பார்க்காத கண்டுபிடிப்பாளர். பிழைப்புக்கு ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோர்ல ராத்திரி கூட்டித் துடைக்கிற வேலை. அவருக்கு ஆஸ்துமா. கடை முழுக்கக் கம்பளம். அந்தக் காலத்து கார்ப்பெட் ஸ்வீப்பரைத் தள்ளத் தள்ள தூசி எழும்பி மூஞ்சிக்கு வரும். வேலையை விட்டா சோறு இல்லை, வேலையைச் செஞ்சா மூச்சு இல்லை. இந்த இடத்தைப் படிச்சப்ப மட்டும் நான் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனை மூடி வெச்சுட்டேன். பக்கத்து ரூம்ல அந்த விசில் சத்தம் கேட்டுட்டு இருந்துச்சு.

1907-ல அவர் ஒரு மின்விசிறி மோட்டாரை எடுத்தார். ஒரு சோப்புப் பெட்டி, ஒரு துடைப்பக் கட்டை. தூசியைப் பிடிக்க ஒரு தலகாணி உறை. முன்னாடி சுத்துற பிரஷ், பின்னாடி காத்து நிரம்பி உப்பி நிக்கிற உறை. 1908 ஜூன் 2-ஆம் தேதி காப்புரிமை வந்துச்சு. ஒரு ஆள் கையாலயே தள்ளிட்டுப் போகலாம், குதிரை வேண்டாம், ஜன்னல் வழியா குழாய் வேண்டாம். கடன் வாங்கி கம்பெனி ஆரம்பிச்சார், தாக்குப் பிடிக்க முடியலை. சூசன் ஹூவர்னு தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க வீட்ல ஓட்டிப் பார்த்து அசந்து போய் வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க. அவர் வில்லியம் ஹூவர், குதிரைக்குச் சேணம், தோல் சாமான் செய்யறவர். மோட்டார் கார் வந்து குதிரை வியாபாரம் படுக்கப் போகுதேன்னு கவலையில இருந்தவர், உரிமையை வாங்கிட்டார். அதே வருஷக் கடைசியில பத்திரிகையில விளம்பரம், பத்து நாள் வீட்ல இலவசமா ஓட்டிப் பாருங்கன்னு. அதுக்கப்புறம் இங்கிலாந்துல கூட்டுறதுக்கே 'ஹூவர் பண்றது'ன்னு பேர் வந்துடுச்சு. ஸ்பாங்ளர் அந்தக் கம்பெனியிலயே வேலை பார்த்துட்டு 1915-ல காலமானார். இன்னிக்கு ஸ்பாங்ளரை எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியலை.

இந்த இடத்துலதான் எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. தலகாணி உறைன்னா துணி. துணியில ஓட்டை உண்டு. பெரிய குப்பை உள்ள நிக்கும், காத்து வெளியே வரும். காத்தோட நைசான தூசியும் வராதா? வரும். பையைத் துணியில செஞ்சாலும் காகிதத்துல செஞ்சாலும் ரொம்ப வருஷத்துக்கு இதுதான் நிலைமை. கார்ப்பெட்ல சும்மா படுத்துக் கிடந்த தூசியை பிரஷ் தட்டி எழுப்பும், மெஷின் உறிஞ்சும், அதுல நைசான பாகத்தைப் பின்பக்கமா அறை முழுக்கத் தெளிக்கும். ஆஸ்துமாக்காரர் ஒருத்தர் தன் மூச்சுக்காகச் செஞ்ச மெஷின், ஆஸ்துமாக்காரங்க இருக்கிற வீட்ல ரூம்ல அவங்களை வெச்சுக்கிட்டு ஓட்டக்கூடாத மெஷினா இருந்திருக்கு! அப்ப யாரும் இதைக் கவனிக்கலை. ஏன்னா, தூசியில எது கடிக்குதுன்னே யாருக்கும் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1921, 1922 வாக்குல அமெரிக்க டாக்டர்கள் வீட்டுத் தூசியோட சாறை எடுத்து நோயாளிகள் தோல்ல வெச்சுப் பார்த்தாங்க, வீங்குச்சு. சரி, தூசிக்குள்ள என்ன? 1928-ல டெக்கர்னு ஒரு ஜெர்மன் டாக்டர், படுக்கையில இருக்கிற உண்ணிதான் ஆஸ்துமாவுக்குக் காரணம்னு எழுதினார். சரியாத்தான் சொன்னார். உலகம் பெருசா கண்டுக்கலை. நெதர்லாந்துல லெய்டன் நகரத்துல இருந்தவங்க வேற பக்கத்துலேர்ந்து வந்தாங்க. அது கடல் மட்டத்துல கிடக்கிற ஈர நாடு. ஈரம் ஊறின வீட்ல இருக்கிறவங்களுக்கு இழுப்பு அதிகம், அதே ஆளை சுவிஸ் மலை மேல கொண்டு போய் விட்டா குறைஞ்சு போகுது. ஏன்? 1964-ல வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழு தூசியை மைக்ராஸ்கோப்ல பார்த்து, எல்லாம் இந்த உண்ணி வேலைதானோன்னு கேட்டு எழுதினாங்க. அப்புறம் உண்ணியைத் தனியா வளர்த்து, சாறெடுத்து, அதேதான்னு காட்டினாங்க.

இந்த உண்ணி கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். நம்ம தோல்லேர்ந்து உதிர்ற செதிலைத் தின்னுட்டு மெத்தை, தலகாணி, கார்ப்பெட்ல குடும்பம் நடத்தும். தண்ணி குடிக்காது. காத்துல இருக்கிற ஈரத்தையே உடம்பால உறிஞ்சிக்கும். காத்து காய்ஞ்சா செத்துப் போகும். அதான் மலை மேல குணமாச்சு.

இதைப் படிச்சதும் எழுந்து போய் ஹியூமிடிஃபையரை ஆஃப் பண்ணேன். ஒஹையோ குளிர்காலமே பாதி உண்ணியைக் காய வெச்சுக் கொன்னிருக்கும். நான் அதுங்களுக்குத் தண்ணி வெச்சு வளர்த்துட்டு இருந்திருக்கேன், அதுவும் பொண்ணு தலைமாட்டுல. தங்கமணி ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா கூட பரவாயில்லை.

அடுத்த முக்கியமான வருஷம் 1981. டோவி, சேப்மன், பிளாட்ஸ்-மில்ஸ் மூணு பேரும் 'நேச்சர்' இதழ்ல எழுதினது: அலர்ஜி தர்றது உண்ணி இல்லை, பெரும்பாலும் உண்ணியோட கழிவு. ஒவ்வொரு உண்ணியும் ஒரு நாளைக்கு இருபது உருண்டை வாக்குல போடும். அந்த உருண்டை சுமார் இருபது மைக்ரான். கொஞ்சம் கனமானது, அதனால காத்துல மிதந்துக்கிட்டே இருக்காது. கட்டில்ல குதிச்சா, கார்ப்பெட்டைத் தட்டினா எழும்பும், அரை மணி நேரத்துல பெரும்பாலும் கீழே உக்காந்துடும். உடைஞ்ச தூள்தான் ஓட்டைப் பை வழியா வெளியே வர்றது. ஆக, மெஷின் உயிரோட இருக்கிற உண்ணியைப் பெருசா பிடிக்காது (காலால நாரைக் கெட்டியா பிடிச்சுக்கும்). அது வாரறது கழிவையும் செதிலையும்.

வடிகட்டிக் கதை தனி. ஹெபான்னு பெட்டியில போட்டிருக்கே, அது 1940-கள்ல அணுகுண்டுத் திட்டத்துல கதிரியக்கத் தூசியைப் பிடிக்கச் செஞ்சது. 0.3 மைக்ரான் துகள்ல 99.97 சதவீதம் பிடிக்கணும். அது வீட்டு மெஷின்களுக்குப் பரவலா வந்தது 1990-கள்ல. ஸ்பாங்ளரோட தலகாணி உறைக்கு ஒழுங்கான மாத்து கிடைக்க எண்பது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. நடுவுல 5127 மாதிரி செஞ்சு பார்த்து 1993-ல ஜேம்ஸ் டைசன் பையே இல்லாத மெஷினை விட்டார். பை அடைச்சுக்கிட்டு இழுவை குறையுதுங்கறது அவர் பிரச்சனை. நல்ல தீர்வுதான், ஆனா எங்க பிரச்சனை வேற. அந்த டப்பாவைக் குப்பைத் தொட்டியில கவுக்கும்போது குப்புன்னு எழும்புமே, அதை யார் மூஞ்சியில வாங்கறது?

இவ்வளவும் படிச்சிட்டு கடைக்குப் போனப்ப பெட்டியில நான் பார்த்தது வேற. ஆம்ப்ஸைப் பார்க்கலை. அது மோட்டார் தின்கிற கரண்ட், சுத்தத்துக்கு அளவு இல்லை. (ஐரோப்பாவுல 2014-ல 1600 வாட், 2017-ல 900 வாட்டுக்கு மேல கூடாதுன்னே சட்டம் போட்டுட்டாங்க.) உள்ளே போற காத்தை விட வெளியே வர்ற காத்துதான் எனக்கு முக்கியம். 'ஹெபா மாதிரி' வேண்டாம், எத்தனை சதவீதம், எத்தனை மைக்ரான்னு எண் போட்டிருக்கணும். ஃபில்டர் மட்டும் நல்லதா இருந்து மூடி இடுக்குல காத்து கசிஞ்சா பிரயோஜனம் இல்லை, மெஷின் உடம்பே சீல் பண்ணதா இருக்கணும். பல அடுக்குப் பை, கழட்டும்போது வாய் தானா மூடிக்கிற பை. இதெல்லாம் இருக்கிறதா பார்த்து ஒண்ணு வாங்கினேன். விலையைச் சொன்னா எங்க அம்மா ஃபோனை வெச்சுடுவாங்க. தண்ணி தெளிச்சுக் கூட்டி, ஈரத் துணியால துடைச்சு, மெத்தையை மொட்டை மாடியில காயப் போட்டு வளர்த்தவங்க. (ஒரு கொசுவத்தி: சின்ன வயசுல எங்க வீட்டுக்கு ஒரு சேல்ஸ்மேன் மெஷினோட வந்து, எங்க மெத்தையிலேர்ந்து எடுத்த தூசியை வெள்ளைத் துணியில கொட்டிக் காட்டினார். பாட்டி, "எங்க வீட்டு அழுக்கை எனக்கே காட்டறதுக்கு நீ யாருப்பா"ன்னு காபி கூட கொடுக்காம அனுப்பிட்டாங்க.) மெத்தை விஷயத்துல அவங்களுக்கு சாட்சி கூட உண்டு. 1994-ல டோவியும் வுல்காக்கும் கார்ப்பெட்டை நேரடி வெயில்ல போட்டு எல்லா உண்ணியும் சாகறதைக் காட்டியிருக்காங்க. கழிவு செத்துப் போகாது, அதைத் தட்டித்தான் எடுக்கணும்.

பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணையும் படிச்சிருந்தேன், மறைக்கக் கூடாது. 2008-ல காக்ரேன் அமைப்பு 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உண்ணியை விரட்டுற முறைகளால ஆஸ்துமா குறையறதா தெரியலைன்னுட்டாங்க. தூக்கி வாரிப் போட்டது. ஆனா 2004-ல அமெரிக்க நகரங்கள்ல 937 குழந்தைகளை வெச்சுப் பண்ண ஆய்வுல வேற மாதிரி. அங்க மெஷின் மட்டும் கொடுக்கலை. மெத்தைக்கு உறை, ஹெபா மெஷின், புகை, கரப்பான்னு அந்தந்தக் குழந்தைக்கு எது ஆகாதோ அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாங்க. இழுப்பு வந்த நாட்கள் குறைஞ்சுது. ஒத்தை மெஷினை வாங்கி மூலையில வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நான் எடுத்துக்கிட்டேன். மருந்தை நிறுத்தலை.

இப்ப எங்க வீட்டு நடைமுறை: மெத்தைக்கும் தலகாணிக்கும் ஜிப் வெச்ச உறை. படுக்கை விரிப்பெல்லாம் வாராவாரம் கொதிக்கிற மாதிரி சூடான தண்ணியில. அம்பத்தஞ்சு, அறுபது டிகிரி இருந்தாத்தான் உண்ணி சாகும். கரடி பொம்மைக்கும் அதே கதி. சனிக்கிழமை காலையில பொண்ணு எதிர் வீட்டுக்கு விளையாடப் போயிடுவா. நான் மெதுவா, ஒரே இடத்துல ரெண்டு மூணு தடவை இழுத்து முடிச்சு, ஜன்னலைத் திறந்து, அரை மணி கழிச்சுத்தான் கூப்பிடுவேன். "கிளீனர் அப்பா"ன்னு அந்த வீட்டுப் பசங்க பேர் வெச்சிருக்காங்க.

இருமல் நின்னுடுச்சான்னா, இல்லை. மாசத்துக்கு ரெண்டு ராத்திரி இன்னும் வருது. தினமும்ங்கறது ரெண்டாகியிருக்கு. இதுல மருந்துக்கு எவ்வளவு பங்கு, ஹியூமிடிஃபையரை நிறுத்தினதுக்கு எவ்வளவு, மெஷினுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்கு வழி இல்லை. படுக்கையறை கார்ப்பெட்டை மட்டுமாவது எடுத்துடலாமான்னு வீட்டு ஓனர்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன், முடியாதுன்னுட்டார். ஏப்ரல்ல லீஸ் முடியுது. மரத்தரை போட்ட வீடு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கோம். வாடகை நூத்தம்பது டாலர் கூட. தங்கமணி சரின்னுட்டாங்க.