இறக்கை ஒட்டிக் கொடுத்த கைகள்

 

பெருமுக்கல் மத்ரஸாவில் நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் ஒரு மாணவன் அட்டையில் செய்த விமானத்தை மடியில் வைத்திருந்தான். கடிந்துகொண்டு அதை வாங்கி வைத்தோம். மறுநாள் அவனுடைய அக்கா வந்து, “உஸ்தாத், இறக்கையை ஒட்டிக் கொடுத்தது நான்தான். தம்பியை ஏசாதீங்க” என்றாள். அந்தச் சொல் நம்மை வரலாற்றின் பக்கம் திருப்பியது.

பறவைகள் சிறகை விரிப்பதையும் மடக்குவதையும் கவனிக்குமாறு அல்முல்க் அத்தியாயம் நம்மை அழைக்கிறது. அவ்வாறு கவனித்தவர்களுள் ஒருவர், ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். அவர் சிறகுகள் பொருத்திச் சிறிது தொலைவு பறந்ததாகவும், வால் அமைக்காததால் இறங்கும்போது முதுகில் அடிபட்டதாகவும் பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியுள்ளார்.

1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் மணற்பாங்கான கடற்கரையில் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முறை 12 விநாடிகள் பறந்தது. அவர்கள் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். கைவினையில் தேர்ந்தவர் அவர்களுடைய தாயார். இறக்கைகளைப் போர்த்திய மஸ்லின் துணியை அவர்களே தையல் இயந்திரத்தில் தைத்தனர். 1908-இல் விமானம் விழுந்து ஆர்வில் படுகாயமுற்றபோது, ஆசிரியையாயிருந்த தங்கை கேத்தரின் பள்ளிப் பணியை விட்டு வந்து பல வாரங்கள் அருகிருந்து பேணினார்.

நம் மண்ணிலும் 1910-இல், சென்னையில் விடுதி நடத்திய டி ஏஞ்சலிஸ் தாம் வடிவமைத்த விமானத்தைச் சிம்சன் நிறுவனத்தில் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார்.

இராமேசுவரத்துக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. பள்ளிவாசல் இமாமான ஜைனுலாப்தீன், யாத்திரிகரைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச்செல்ல உறவினர் ஜலாலுத்தீன் துணையுடன் மரப்படகு கட்டினார். பலகை படகாவதை அருகிருந்து பார்த்த மகன் அப்துல் கலாம். பின்னர் ஒரு புயல் அப்படகைக் கொண்டுபோயிற்று. குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் கலாமுக்கு இடம் கிடைத்தபோது, சேர்க்கைக்குத் தேவைப்பட்ட சுமார் 1,000 ரூபாய் வீட்டில் இல்லை. சகோதரி ஜொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அங்கே விமானவியல் பயின்ற அத்தம்பியின் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ஏவுகலம் 1979-இல் கடலில் விழுந்தது; 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது.

சகோதரர்களே! திருமணச் சீருக்காக நகையை அடகு வைக்கத் தயங்காத நாம், பிள்ளையின் படிப்பென்றால் நூறு முறை யோசிக்கிறோம். ஒவ்வொரு ஜமாஅத்தும் கல்விக்கென வட்டியில்லாக் கடனாக, கர்ளே ஹஸனாவாக, ஒரு நிதியை ஒதுக்கினால், இன்னொரு ஜொஹ்ரா தம் வளையலைக் கழற்ற வேண்டியதில்லையே! உப்பளத்தில் கூலி வேலை செய்பவரின் வீட்டிலும் ஒரு கலாம் இருக்கக்கூடும்.

பறித்து வைத்த அட்டை விமானத்தை அம்மாணவனிடம் திருப்பிக் கொடுத்தோம். பாடம் முடிந்தபின் பள்ளிவாசல் திடலில் அதைப் பறக்கவிடச் சொன்னோம். இரு முறை தலைகுப்புற விழுந்தது. அக்காவும் தம்பியும் வாலைச் சற்றே நிமிர்த்தினர். மூன்றாம் முறை திடலின் மறுகோடிவரை சென்றது.

பயனுள்ள கல்வியையும், அதற்குத் தோள் கொடுக்கும் குடும்பங்களையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.