புரோகிதரும் சர்க்காரும் விவாகமும்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில், புது ஆறு என்று ஜனங்கள் அழைக்கும் கல்லணைக் கால்வாய் 1934-இல் வந்து சேர்ந்த பின்னரே காவிரி நீரின் முழுப் பயனையும் கண்ட நிலப்பரப்பின் நடுவே அமைந்த ஒரத்தநாட்டுக்கு முக்தாம்பாள்புரம் என்று இன்னொரு பெயரும் உண்டு. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ராஜ்ய பாரத்தைக் கும்பினியாரிடம் ஒப்புவித்துவிட்டு, கோட்டையையும் கலைகளையும் தான தருமங்களையும் தமக்கென வைத்துக்கொண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், 1802-இல் இவ்வூரில் ஒரு பெரிய சத்திரத்தைக் கட்டி, அதற்கு முக்தாம்பாள் என்ற மாதின் பெயரைச் சூட்டினார். அந்த அம்மாள் மன்னர் அக்கினி சாட்சியாகக் கைப்பிடித்த பட்டத்தரசி அல்லர். அவருடைய பேரன்புக்குப் பாத்திரமாகி, அவருக்கு முன்னமே காலமாகிவிட்ட அபிமான ஸ்திரீ. மந்திரம் ஓதப்படாத அந்த உறவின் பெயரால் நடந்த அன்னதானத்தில் பிராமணரும் பரதேசியும் வழிப்போக்கரும் பசி தீர்த்துக்கொண்டார்களே ஒழிய, அந்த உறவு எந்த வகை விவாகத்தைச் சேர்ந்தது என்று விசாரித்த பின்னரே இலையில் அமர்ந்தார்கள் என்று நினைக்க இடமில்லை.

ஆனால் சொத்து என்று ஒன்று குறுக்கே வந்துவிட்டால், இவ்வளவு தாராளம் எந்தக் காலத்திலும் நிலைத்ததில்லை. தஞ்சை மராட்டிய அரண்மனையில் கத்திக் கல்யாணம் என்று ஒரு வழக்கம் இருந்தது. மன்னர் நேரில் மணவறைக்கு வராமல், அவருடைய பிரதிநிதியாக வைக்கப்பட்ட வாளின் முன்னிலையில் மணப்பெண்ணுக்குத் தாலி கட்டுவது அதன் முறை. சரபோஜியின் குமாரரான இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்தபின், அரண்மனை ஆஸ்தியைப் பற்றி இரண்டு மூன்று தலைமுறைகள் நீடித்த வியாஜ்ஜியங்களில், இப்படி வாளை மணந்த பெண்டிர் மனைவியரா, அவர்களுடைய பிள்ளைகள் நியாயமான சந்ததியா என்ற கேள்வி எழுந்தது. 1920-களில் சென்னை உயர்நீதிமன்றம் அதற்குப் பூரண விவாகத்தின் அந்தஸ்தை அளிக்க மறுத்துவிட்டது. ஸ்மிருதிகளையும் வழக்காற்றையும் எடைபோட்டு அந்த முடிவைச் சொன்னவர்கள் மடாதிபதிகளோ தீட்சிதர்களோ அல்லர். சர்க்கார் சம்பளம் பெற்ற நீதிபதிகள். இந்நாட்டில் எது விவாகம் என்று நிர்ணயிக்கும் அதிகாரம் கோயிலிடத்தும் மடத்திடத்தும் இருப்பதாக நாம் சாதாரணமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது வெகு காலத்துக்கு முன்பே நீதிமன்றத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்பதே உண்மை.

இந்த உண்மையை நன்கு உணர்ந்து, அதனால் மிகவும் துன்பப்பட்டவர்கள் சுயமரியாதை இயக்கத்தார். 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகேயுள்ள சுக்கிலநத்தத்தில் ஈ.வெ. ராமசாமிப் பெரியாரின் தலைமையில் நடைபெற்ற திருமணமே இம்முறையில் முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, அம்மி மிதித்தலும் அருந்ததி பார்த்தலும் இல்லை. தலைமை வகிப்பவர் பேச, மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். காவிரிப் படுகையில் இம்முறை விரைவாகப் பரவிற்று. அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் தை மாசியில், கீற்றுப் பந்தலின் கீழே, வேண்டுமென்றே ராகு காலத்தைத் தேர்ந்தெடுத்துக்கூட 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' நடத்தியவர்கள் உண்டு. மணமக்களைவிட மேடைப் பேச்சாளருக்கே கூட்டம் அதிகம் கூடியது என்று குறும்பாகச் சொல்பவர்களும் உண்டு.

பந்தலில் கூடியவர்கள் வாழ்த்தினார்கள், சட்டமோ வாழ்த்தவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பம் ஒன்றின் வழக்கில், ஓமமும் சப்தபதியும் இல்லாத இத்தகைய திருமணம் இந்து சட்டப்படி செல்லாது என்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளையே ஆதாரமாகக் கொண்டபடியால், இந்தப் புதிய முறைக்கு அதிலும் இடம் கிடைக்கவில்லை. ஆகவே ஊரறிய மணந்து, ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தி, பிள்ளைகளைப் பெற்று, அவர்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து வாழ்ந்துகொண்டிருந்த எத்தனையோ தம்பதிகள், நியாயஸ்தலத்தின் கண்ணுக்கு மட்டும் தம்பதிகள் அல்லாதவர்களாகவே இருந்தார்கள். காணி பூமியைப் பற்றிப் பங்காளி ஒருவன் வழக்குத் தொடுத்தால் போதும், அந்தப் பிள்ளைகளின் பிறப்பே விவாதத்துக்கு உரியதாகிவிடும்.

1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை அரசு, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்துத் திருத்தம் நிறைவேற்றியது. 1968 ஜனவரி 17 அன்று அது குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் மனைவியாகவும் கணவனாகவும் ஏற்பதாக மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் அறிவித்தாலும், மாலையோ மோதிரமோ அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும், புரோகிதர் தேவையில்லை என்பது அதன் சாரம். அதைவிடச் சிறப்பு, முன்பே நடந்து முடிந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லத்தக்கவையாக்கியது. சுக்கிலநத்தத்திலிருந்து கணக்கிட்டால், நாற்பது வருஷ காலம் சட்டத்துக்கு வெளியே நின்ற குடும்பங்கள் சட்டத்துக்குள் வந்தன. இச்சட்டம் எந்தக் குருக்களின் தட்சிணையையும் தடுக்கவில்லை, எந்தக் கோயில் மணவறையையும் மூடவில்லை. வேதோக்தமாக மணம் செய்துகொள்ள விரும்பியோர் அவ்வாறே செய்துகொண்டார்கள், இன்றும் செய்துகொள்கிறார்கள்.

ஒரே பாலினத்தவரின் திருமணத்தைப் பற்றிய விவாதம் தலைநகரில் எழுந்தபோது, தமிழ்நாட்டின் இந்த அனுபவம் போதிய அளவுக்கு நினைவுகூரப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐவர் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, மதச் சார்பான தனிநபர் சட்டங்களை விசாரணைக்கு எடுப்பதில்லை, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டுமே ஆராய்வோம் என்று ஆரம்பத்திலேயே வரம்பு கட்டியது. சிறப்புத் திருமணச் சட்டமோ பிறப்பிலேயே மத ஸ்தாபனங்களின் தயவை நாடாதது. பிரம்ம சமாஜத்தாரின் முயற்சியால் 1872-இல் பிறந்த அதன் மூதாதைச் சட்டம், மணமக்கள் இன்னின்ன மதங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று பிரகடனம் செய்யும்படியே கேட்டது. அப்படியிருந்தும் ஜமியத் உலமா-இ-ஹிந்தும் அகில பாரதீய சந்த் சமிதியும் எதிர்ப்பு மனுவோடு ஒரே பக்கத்தில் வந்து நின்றன. வேறு விஷயம் எதிலும் எளிதில் ஒன்றுபடாதவர்கள் இதில் ஒன்றுபட்டதை ஒற்றுமையின் வெற்றி என்பதா, வேறு ஏதேனும் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

2023 ஆகஸ்ட் 28 அன்று, வழக்கறிஞர் முன்னிலையில் எளிமையாக நடந்த சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று 7-ஏ பிரிவுக்கு விரிந்த பொருள் தந்த அதே உச்சநீதிமன்றம், ஏறத்தாழ ஏழு வாரங்களுக்குப் பின், அக்டோபர் 17 அன்று, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அன்று, ஒருபாலினத்தவருக்குச் சட்டம் இயற்றுவது சட்டமன்றங்களின் வேலை என்று கூறி ஒதுங்கிக்கொண்டது. திருமணமல்லாத ஒரு சிவில் இணைப்பையாவது அங்கீகரிக்கலாம் என்ற கருத்தும் மூவருக்கு இருவராய்த் தோற்றது. மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

மத ஸ்தாபனங்கள் யாவும் ஒரே குரலில் பேசின என்று எண்ணுவதும் பிழை. கணித மேதை சகுந்தலா தேவி 1977-இல் ஒருபாலின விருப்பமுடையோரைப் பற்றி எழுதிய ஆங்கில நூலில், திருவரங்கத்து வைணவ ஆசாரியர் ஒருவரைக் கண்டு பேசியதைப் பதிவு செய்திருக்கிறார். அத்தகைய காதலர்கள் முற்பிறவியில் ஆணும் பெண்ணுமாய் இருந்திருக்க வேண்டும், சரீரம் மாறினாலும் ஆன்மாவின் பற்று மாறாது என்பது அந்தப் பெரியவரின் கருத்து. காவிரிக் கரையில் கர்ம சித்தாந்தத்தைக் கொண்டே அன்றைக்கு இப்படிச் சமாதானம் சொல்ல முடிந்திருக்கிறது. சர்க்காரின் தண்டனைச் சட்டமோ அத்தகைய உறவை 2018 செப்டம்பர் வரை குற்றமாகவே வைத்திருந்தது.

2018 அக்டோபரில் தூத்துக்குடி சங்கர ராமேசுவரர் கோயிலில் ஓர் ஆணுக்கும் திருநங்கை ஒருவருக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தவர்களும் பதிவுத் துறை அதிகாரிகளே. மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில், திருநங்கையும் மணப்பெண்ணே என்று கூறிப் பதிவுக்கு உத்தரவிட்டார். இது ஒருபாலினத் திருமணம் அன்றாயினும், கோயிலில் நடந்து முடிந்தது சார்பதிவாளரிடம் வந்து தடுக்கி நின்ற விசித்திரம் கவனிக்கத் தக்கது. வேளாங்கண்ணியை உள்ளடக்கிய தஞ்சை மறைமாவட்டத்தார் வணங்கிக் கேட்கும் ரோமாபுரி, 2023 டிசம்பரில், ஒருபாலின இணையரைக் குருமார் வழிபாட்டு முறைக்குப் புறம்பாக ஆசீர்வதிக்கலாம் என்று இசைந்து, திருமணம் என்ற அருட்சாதனத்தை மட்டும் மாற்றமின்றிக் காத்துக்கொண்டது. இங்கிலாந்திலோ 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அத்திருமணங்களை அனுமதித்து, விரும்பாத திருச்சபையைக் கட்டாயப்படுத்தாதபடி பூட்டுகளையும் போட்டுவைத்தது. அண்ணாதுரையின் திருத்தம் சாதித்ததும் இத்தகைய ஏற்பாடுதான்.

இதற்கிடையே, உச்சநீதிமன்றத் தீர்ப்பில் பதிவான உறுதிமொழிப்படி மத்திய சர்க்கார் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அதன்பின் 2024-இல், ஒருபாலின இணையர் கூட்டாக வங்கிக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்றும், ரேஷன் கார்டில் அவர்களை ஒரே குடும்பமாகக் கொள்ளலாம் என்றும் அறிவிப்புகள் வந்தன. 2025 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று ஒரு வழக்கில் எழுதியது. ஆக, ஒரத்தநாட்டு ரேஷன் கடையில் இன்று ஒரே அட்டைக்கு அரிசி வாங்கத் தகுதியுள்ள இருவர், அதே ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் அந்நியர்; அங்கே அவர்கள் நீட்டும் மனுவைப் பெற்றுக்கொள்ள இன்னும் ஒரு படிவம் அச்சாகவில்லை.