‘செம்மண் சாலை’யும் தோட்டத்துப் பெண்ணின் இரட்டை வேலையும்

சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குச் செல்லும் சாலை அம்பாங்கானையும் பாரோயையும் கடந்து புக்கிட் புத்துஸ் மலையில் ஏறி இறங்குகிறது. அம்மலைக்கு அப்பால் அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபு வேரூன்றிய மலாய் ஊர்கள் உள்ளன. அங்கே குலநிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். 1909ஆம் ஆண்டின் மரபுரிமை நிலச் சட்டம் அவ்வழக்கத்தை அரசுப் பதிவேட்டிலும் நிலைநிறுத்தியது. குலத் தலைமை ஆண்களிடமே இருந்தது என்பதை மறப்பதற்கில்லை. ஆயினும் மண் பெண்ணின் பெயரில் நின்றது. மலைக்கு இப்பாலோ, சிரம்பானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு அவள் சமைத்து உறங்கிய லயத்து வீடும் சொந்தமன்று. அது அவள் கணவனுக்கும் சொந்தமன்று, கம்பெனிக்கு உரியது. வேலை போனால் வீடும் போகும்.

இப்பெண்ணின் குடும்ப வாழ்வை அறிய நமக்கு என்ன சான்று உண்டு? தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகள் அவளைக் கூலித்தொகையாகவும் தலைக்கணக்காகவும் குறிக்கின்றன. அடுப்படியில் நிகழ்ந்தது அவற்றில் இல்லை. அந்த இடைவெளியில்தான் 2005இல் வந்த ‘செம்மண் சாலை’ என்னும் திரைப்படத்தை வைத்துப் பார்க்க விரும்புகிறோம். தீபக் குமாரன் மேனன் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. 1960களின் ஓர் இரப்பர்த் தோட்டமே அதன் களம். பல்கலைக்கழகம் வரை படிக்க விரும்பும் சாந்தா என்னும் பெண்ணையும் அவளுடைய குடும்பத்தையும் அது நிதானமாகப் பின்தொடர்கிறது. திரைப்படம் புனைவே, அதனை ஆவணமாகக் கொள்ளலாகாது. ஆயினும் ஆவணங்களிடம் நாம் கேட்க மறந்த கேள்வியை அது எழுப்புகிறது: ஒரு மகள் படிக்கச் சென்றால், அவள் வீட்டில் செய்துவந்த வேலையை யார் செய்வது?

இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. தொடக்கக் காலத்தில் தோட்டங்கள் பெரிதும் தனி ஆண்களையே நாடின. ஆண் தொழிலாளர் ஓரிடத்தில் நிலைக்காமையும், 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகளும் பெண்களின் எண்ணிக்கையை உயர்த்தின. குடும்பமாக வந்தவர் எளிதில் ஓடிப்போகார் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அக்கணக்கில் பெண்ணின் உழைப்பு மலிவும் ஆயிற்று. 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நியமக் கூலியாக வகுக்கப்பட்டன. 1930களின் பொருளாதார மந்தத்தில் அவை 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தன. ஆசிரியர்கள் இவ்வெண்களை வகுப்பில் வகுத்துக் காட்டலாம். கூலி இறங்கியது, பெண்ணுக்குரிய விகிதமோ ஐந்தில் நான்காகவே, அணுவளவும் மாறாமல் நின்றது.

கூலியில்லாத மற்றொரு வேலைநாளும் அவளுக்கு இருந்தது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுத் தன் நிரைக்குச் சென்று மரம் வெட்ட வேண்டும். பின்னர் மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து, நிறுவைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஒட்டுப்பாலையும் விட்டுவிட முடியாது. அதற்கும் காசு உண்டு. வீடு திரும்பினால் தண்ணீர், விறகு, துணி, சோறு. இவற்றைத் தாயொருத்தியால் முடிக்க இயலாது என்பதால் மூத்த மகள் இரண்டாவது தாயானாள். தம்பி தங்கையரைச் சுமந்த இடுப்பு அவளுடையது. கணவன்மாரின் கள்ளுக்கடைச் செலவைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. மூத்த மகளின் பள்ளியிழப்பைப் பற்றி அவ்வளவு பேசப்படவில்லை.

பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. ஆனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி தொடக்கக் கல்வியோடு முடிந்துவிடும். 1960களின் நடுவில் இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பின்னும், புகுமுக வகுப்பில் ஓராண்டு, வேற்று மொழியில் பாடம், பட்டணத்துக்குப் பேருந்துச் செலவு என்று தடைகள் தொடர்ந்தன. ஆண்பிள்ளைக்கு அச்செலவு முதலீடு எனப்பட்டது. பெண்பிள்ளைக்கோ அது வீண் என்று சொல்லப்பட்டது. ‘இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்’ என்னும் வழக்குச் சொல்லே போதிய காரணமாயிற்று. சாந்தாவின் ஆசை நமக்கு இன்று எளியதாகத் தோன்றலாம். அக்காலத்து லயத்தில் அது ஒரு குடும்பத்தின் வரவுசெலவையே மாற்றி எழுதக் கோரும் ஆசை.

பெற்றோரைக் குற்றவாளிகளாக்கி இதனைப் பேசுவது எளிது. அவ்வாறு பேசுவதை நாம் ஏற்கவில்லை. ஒருவர் கூலி நின்றாலும் அரிசிக்கடன் ஏறும் வீட்டில் தந்தையின் அச்சம் பொய்யானதன்று. அந்த அச்சத்தின் விலையை வீட்டில் யார் கொடுத்தார் என்பதே நம் வினா. 1943இல் ஜான்சி ராணிப் படைப்பிரிவில் சேரத் தோட்டத்துப் பெண்களும் வீட்டைவிட்டுப் புறப்பட்டனர் என்பதை நாம் பெருமையோடு கூறுகிறோம். போர் முடிந்து அவர்கள் எந்த அடுப்படிக்குத் திரும்பினர் என்பதை அரிதாகவே கேட்கிறோம்.

பத்தாண்டுகளுக்குப் பின், 2015இல், சஞ்சய் குமார் பெருமாள் தம் முதற்படமாகிய ‘ஜகாட்’டைத் தந்தார். தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்டுப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் குடும்பத்தின் கதை அது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதும் பெற்றது. சிறந்த படம் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அதன் மையம் சிறுவனும் அவனைச் சூழ்ந்த ஆண்களுமே. நம் தோட்ட வரலாறு பெரும்பாலும் இவ்வழியே சொல்லப்பட்டுவந்தது. தீபக் குமாரன் தம் இரண்டாம் படமாகிய ‘சலங்கை’யில் (2007) பிரிக்பீல்ட்ஸ் குடும்பமொன்றின் நடனம் விரும்பும் மகளிடம் திரும்பியதை இதனோடு ஒப்பிட்டு மாணவர்கள் எழுதிப் பார்க்கலாம்.

இன்று பாரோய் வீடமைப்புப் பகுதிகளின் ஊர். பெரட்டு, நிரை, மங்கு, ஆயாக் கொட்டகை என்னும் சொற்கள் அவ்வீடுகளின் பேரப்பிள்ளைகளுக்குப் பொருள் விளங்காதவை. முதிய பெண்களுக்கோ அவை நேற்றைய பேச்சு. வாய்மொழி வரலாறு திரட்டும் பள்ளிகள் இப்பெண்களிடம் கூலியையும் கங்காணியையும் பற்றிக் கேட்பதோடு நிறுத்திவிட வேண்டா. இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம்: எந்த வகுப்போடு பள்ளி நின்றது? அவ்வாண்டு வீட்டில் கைக்குழந்தை யார்?